கழற்றுவதா, கழிப்பதா?

நெல்லைச் சிந்துபூந்துறையில் சித்தி வீட்டுக்குள் தாமிரபரணி புகுந்தது 2023 டிசம்பர் 18ஆம் தேதி விடிகாலையில். இடுப்பளவு தண்ணீர். மாடி வீட்டுக்காரர்களோடு இரண்டு ராத்திரி இருந்துவிட்டு, வடிந்தபின் இறங்கி வந்த சித்தி பீரோவைத் திறக்கவில்லை. கணுக்கால் புதையும் சேற்றில் நேரே அடுப்படிக்குப் போனாள்.

மேடையில் அடுப்பு இல்லை. மூலையில் வண்டலுக்குள் கவிழ்ந்து கிடந்தது. சிலிண்டர் எதிர்ச் சுவரோரம் சாய்ந்து கிடக்க, இரண்டுக்கும் நடுவே டியூப் முறுக்கிக்கொண்டு கிடந்தது. சிலிண்டர் மிதந்து போயிருக்கிறது. போகிற போக்கில் அடுப்பையும் மேடையிலிருந்து இழுத்துத் தள்ளியிருக்கிறது. அவ்வளவு கனத்த இரும்பு மிதக்குமா என்று அந்த வாரம் பலரும் கேட்டார்கள். கணக்குப் போட்டால் புரிந்துவிடும். உள்ளே இருக்கும் வாயு 14.2 கிலோ. வெற்றுச் சிலிண்டர் பதினைந்து, பதினாறு கிலோ. மொத்தம் முப்பதை ஒட்டி வரும். ஆனால் அதன் வயிறு 33.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு முப்பது கிலோதான் இருக்கிறது என்றால் அது மிதக்கத்தான் செய்யும். நிறைந்த சிலிண்டருக்கே இந்தக் கதி என்றால், பாதி தீர்ந்தது நெட்டி மாதிரி மிதக்கும்.

"வேற வாங்கிருவோம் சித்தி" என்றேன். அவள் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையால் அடுப்பின் முகப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க அம்மை சீரா எடுத்துக் குடுத்ததுல்லா இது. பித்தளைப் பர்னரு. இப்போ இந்த கனத்துல எவன் போடுதான்?"

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. பக்கத்து ஊர்க்காரர்கள் கையில் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. பாய், தலையணை, பிள்ளைகளின் புத்தகம், அரிசி, பருப்பு எல்லாம் அந்த ஆறாயிரத்துக்குள் அடங்க வேண்டும். ஓரளவு நல்ல இரண்டு பர்னர் அடுப்பு வாங்கினால் அதில் பாதி போய்விடும். மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டை என்று ஆற்றை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரே நேரத்தில் அந்தக் கேள்வி எழுந்தது. இந்த அடுப்பைச் சரிபண்ணலாமா, புதுசு வாங்கணுமா?

வெள்ளம் வராத வீடுகளிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. தினமும் கண்முன்னால் இருந்தாலும் அதை நாம் காதில் வாங்குவதில்லை. நாப் இறுகிப்போகும், துணியைச் சுற்றித் திருகுவோம். தீ மஞ்சளாகும், பாத்திரத்தைக் கூடுதலாகத் தேய்ப்போம். லேசாக வாடை வரும். ஜன்னலைத் திறந்து வைப்போம். அடுப்பு நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது நாம் அதனோடு ஒத்துப்போகப் பழகிவிடுகிறோம். எனக்குக் கவலை அங்கேதான்.

மெழுகிய கை, பின் போட்ட கை

என் ஆச்சிக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமம். அவள் வீட்டில் கொடி அடுப்பு இருந்தது. முன்னடுப்பில் சோறு பொங்கும். அதன் அனலிலேயே பக்கத்துக் கொடியில் குழம்பு கொதிக்கும். குளத்துக் களிமண்ணும் உமியும் குழைத்து அவளே போட்ட அடுப்பு. காலையில் சாம்பலை அள்ளிவிட்டு, சாணம் கரைத்து மெழுகி, அதன் மேலேயே கோலம் இழுத்துவிட்டுத்தான் பற்ற வைப்பாள். வெடிப்பு கண்டால் அன்றைக்கே ஒரு கை மண் அப்பிவிடுவாள். பானை ஆடுகிற அளவுக்குக் குமிழ் தேய்ந்து போனாலோ, பக்கச் சுவர் வயிறு தள்ளினாலோ இடித்துவிட்டு வேறு போடுவாள். பழுது பார்ப்பதும் புதிதாகப் போடுவதும் அவளுக்கு ஒரே மண், ஒரே கை. காசு செலவும் இல்லை.

காருகுறிச்சி பக்கம்தான். நாதஸ்வரச் சக்கரவர்த்தி அருணாசலத்தின் ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும்; எங்களுக்கு அது மண்பானைக்கும் மண் அடுப்புக்கும் பேர்போன ஊர். மார்கழி பிறந்துவிட்டால் நெல்லைச் சீமைத் தெருக்களில் அடுப்புக்கட்டி விற்பனைக்கு வந்துவிடும். மேலே குறுகி, கீழே அகன்ற மூன்று மண் கட்டிகள். சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை இழுத்து, அதன் மேல் பொங்கல் பானையை ஏற்றுவோம். அந்த அடுப்பு வருஷா வருஷம் புதுசு. ஆக, தினசரி மெழுகிப் பாதுகாக்கும் அடுப்பு ஒன்றும், ஒரு நாளைக்கென்றே புதிதாக வாங்கும் அடுப்பு ஒன்றும் இந்த ஊர்க்காரர்களிடம் எப்போதுமே இருந்திருக்கின்றன.

பிறகு மண்ணெண்ணெய் வந்தது. பம்ப் ஸ்டவ் எங்கள் வீட்டில் ஏறத்தாழ பத்து வருஷம் இருந்தது. அதை வைத்திருந்தவர்களுக்கு ஸ்டவ் பின் ஞாபகம் இருக்கும். தகரப் பட்டையின் நுனியில் மயிரிழைக் கம்பி. நிப்பிள் அடைத்துக்கொண்டால் அதை உள்ளே குத்தி எடுக்க வேண்டும். உடனே 'உஸ்' என்று நீலத் தீ சீறும். பம்பில் காற்று நிற்காவிட்டால் தோல் வாஷரை எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டுவார் அப்பா. பம்ப் ஸ்டவ் வெடித்து எத்தனை பெண்கள் கருகிப்போனார்கள் என்பதை எங்கள் தலைமுறை மறக்காது.

கொல்கத்தாவில் 1965இல் முதல் இண்டேன் எரிவாயு இணைப்பு கொடுக்கப்பட்டது. ஆனால் தாமிரபரணிக் கரைக் கிராமங்களில் வெகுகாலத்துக்கு அது பணக்கார வீட்டுச் சாமானாகத்தான் இருந்தது. 2006 தேர்தல் வாக்குறுதியை ஒட்டி ஏழைக் குடும்பங்களுக்கு அரசு இலவசமாக எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுத்த பிறகுதான் ஓலைக் குடிசைக்குள்ளும் அது நுழைந்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அந்த முதல் இலவச அடுப்புகளுக்கு இப்போது இருபது வயது நெருங்குகிறது. பல வீடுகளில் இன்னும் அதே அடுப்புதான் எரிகிறது.

அடுப்பு மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை. மண் அப்பி மெழுகிய கை, கேஸ் குழாயின் இணைப்பில் கசிவு கண்டால் எம்-சீலைப் பிசைந்து அப்புகிறது. நிப்பிளில் பின் குத்திய கை, கேஸ் ஜெட்டிலும் ஊசியை விட்டுக் குடைகிறது. இரண்டும் செய்யக் கூடாதவை. மண் அடுப்பின் வெடிப்பு வழியாகப் புகைதான் வரும். இங்கே வருவது காற்றைவிடக் கனமான வாயு. அது மேலே ஏறிக் கலைந்து போகாது. தரையோடு படிந்து, மேடைக்கு அடியில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தால் போதும், ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும்.

ஜெட்டைக் குடைந்த கதை என் வீட்டிலேயே நடந்தது. சைக்கிளில் கூவிக்கொண்டு வந்த ஒருவரைக் கூப்பிட்டு, தீ சின்னதாக எரிகிறது என்று காட்டினோம். அவர் ஜெட்டைக் கழற்றி, ஏதோ ஒரு கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி மாட்டிக் கொடுத்தார். தீ ஒரு சாண் எழும்பியது. அம்மாவுக்குச் சந்தோஷம். ஒரே வாரத்தில் பாத்திரங்களின் அடியெல்லாம் கரி. அந்தச் சிலிண்டர் பத்து நாள் முன்னதாகவே தீர்ந்தது. ரெகுலேட்டர் விடுகிற அழுத்தத்துக்கு இத்தனை வாயு, அது பாய்கிற வேகத்தில் இழுக்கும் காற்று இத்தனை என்று அளந்துதான் ஜெட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் துளையைப் போடுகிறார்கள். பெரிய பர்னருக்கு ஒரு துளை, சின்னதற்கு இன்னும் சிறிய துளை. அதை அகலப்படுத்தினால் வாயு கூடும், காற்று கூடாது. அரைகுறையாக எரிகிற மஞ்சள் தீயிலிருந்து கரியோடு கார்பன் மோனாக்சைடும் வரும். பிறகு புது ஜெட்டுக்குக் கொடுத்தது ஒன்றிரண்டு காப்பிக்கு ஆகிற காசுதான்.

எதுக்கு வயசாச்சு?

சித்தியின் அடுப்பை ஆட்டோவில் ஏற்றி டவுனில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். கடை வாசல் முழுக்க வண்டல் காய்ந்த அடுப்புகள். கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். சித்தியின் அடுப்பை வாங்கியதும் அவர் முன்பக்கம் பார்க்கவில்லை, கவிழ்த்துப் போட்டார்.

"அடுப்புங்கது ஒரு சாமான் இல்ல தம்பி. ஏழெட்டுச் சாமான் சேந்தது. மொத்தமா வயசாச்சுன்னு சொல்லப்படாது. எதுக்கு வயசாச்சுன்னு பாக்கணும்."

அன்று அவர் அருகில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து நான் அடுப்பை இரண்டு பாகமாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஒன்று, வாயுவை உள்ளே அடக்கி வைத்திருக்கும் பாகம்: ரெகுலேட்டர், டியூப், முகப்புக்குப் பின்னால் குறுக்கே ஓடும் கேஸ் குழாய், நாப்புக்குள் இருக்கும் வால்வு. இன்னொன்று, தீயைப் பிடித்துப் பாத்திரத்துக்குக் கொடுக்கும் பாகம்: ஜெட், காற்றும் வாயுவும் கலக்கும் குழல், பர்னர், மேலே ஸ்டாண்ட், தட்டு, கால்கள். தீப் பக்கத்துப் பழுது எதுவானாலும் தயங்காமல் சரிசெய்யலாம். வாயுப் பக்கத்தில் ஒட்டுப்போடுவது என்ற பேச்சே இருக்கக் கூடாது. பாகத்தை மாற்ற வேண்டும். மாற்ற வழியில்லை என்றால் அடுப்பையே கழித்துவிட வேண்டும்.

தீப் பக்கத்தில் வரும் கோளாறுகளில் பாதி நம் சமையலிலிருந்தே வருபவை. உளுந்தஞ்சோறு பொங்கி வழிகிற வீட்டில் பர்னர் கண்கள் அடையாமல் என்ன செய்யும்? கஞ்சி காய்ந்து கல்லாகிவிடும். பித்தளைப் பர்னரானால் சுடுதண்ணீரில் புளியைக் கரைத்து ராத்திரி ஊறப் போட்டு, காலையில் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்தால் போதும். அலுமினியக் கலவைப் பர்னருக்குப் புளி ஆகாது, சோப்புத் தண்ணீர்தான். தீ திடீரென்று ஒரு பக்கம் மட்டும் மஞ்சளானால், கலக்கும் குழலுக்குள் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலந்தி, கரப்பான் முட்டை எல்லாம் அங்கே இருக்கும். அணைக்கும்போது 'பட்' என்று சத்தம் வந்தால் பர்னர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது கண்கள் தேய்ந்து அகன்றுவிட்டன என்று பொருள். பர்னரை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டாண்ட் வளைந்தால் ஸ்டாண்ட். தட்டு துருப்பிடித்தால் தட்டு. இதற்கெல்லாம் போய் யாராவது புது அடுப்பு வாங்குவார்களா என்றால், வாங்குகிறார்கள். பழைய அடுப்பைக் கழுவிக்கூடப் பார்க்காமல்.

வால்வு மட்டும் தனிக் கதை. அதற்குள் கூம்பு வடிவப் பித்தளை அடைப்பு ஒன்று, அதே வடிவக் குழிக்குள் உட்கார்ந்து சுற்றும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பூச்சாக கிரீஸ். அதுதான் நாப்பைச் சுலபமாகத் திரும்ப வைக்கிறது. வாயு கசியாமல் தடுப்பதும் அதுவே. பல வருஷ வெக்கையில் அது காய்ந்துவிடும். நாப் இறுகுவது அதன் அறிகுறி. அப்போதே கழற்றித் துடைத்து, வெப்பம் தாங்கும் அதற்குரிய கிரீஸ் பூசினால் இன்னும் பல வருஷம் ஓடும். சைக்கிளுக்குப் போடுகிற கிரீஸைப் பூசினால் அது உருகி ஜெட்டை அடைக்கும். இறுக்கத்தோடு மல்லுக்கட்டித் திருகிக்கொண்டே இருந்தால் பித்தளையில் கீறல் விழும். கீறல் விழுந்த வால்வுக்கு கிரீஸ் மருந்தல்ல. சித்தியின் வால்வுகளை அண்ணாச்சி விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். வண்டல் மணல் உள்ளே போன நிலையில் யாரோ திருகிப் பார்த்திருக்கிறார்கள். வட்ட வட்டமாகக் கீறல்.

"நாந்தான் திருப்பிப் பாத்தேன்" என்றாள் சித்தி, மெல்லிய குரலில்.

"பரவால்லக்கா. வால்வு ரெண்டும் புதுசு போட்டுருதேன். குழா நல்லாத்தான் இருக்கு. ரெகுலேட்டரும் டியூபும் என்கிட்ட கேக்காதீங்க. அது ஏஜென்சியில போயி மாத்திருங்க. முங்குன ரெகுலேட்டர எவன் சரிபண்ணித் தாரேம்னாலும் நம்பாதீங்க."

அவர் சொன்னது முழுக்க உண்மை. ரெகுலேட்டருக்குள் மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்றும் சுருள்வில்லும் இருக்கின்றன. சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து அடுப்புக்கு அனுப்புவது அந்தச் சவ்வுதான். பிரித்துச் சரிசெய்வதற்காக அது செய்யப்படவே இல்லை. டியூபுக்கு ஆயுள் 5 வருஷம். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். இதைப் படிக்கிறவர்கள் எழுந்து போய் அந்தத் தேதியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து மீதியைப் படித்தால் நல்லது.

சொதி சொல்லும் சேதி

சிம்மில் தீ நிற்கிறதா என்பதற்கு நெல்லைப் பெண்களிடம் ஒரு சோதனை இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் அதைப் போடவில்லை. சொதிதான் அது. இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் வெந்தபின், கெட்டியான முதல் பாலை ஊற்றும் நேரம் இருக்கிறதே, அப்போது தீ அடங்கி ஒரே சீராக நிற்க வேண்டும். கொஞ்சம் தூக்கிவிட்டால் பால் திரிந்துவிடும். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து வைக்கிற அன்று திரிந்தால் அது ஊர்ப் பேச்சாகிவிடும். "சிம்ல வச்சாலும் சொதி திரியுது" என்று ஒரு வீட்டில் சொன்னால், அங்கே வால்வு அளவு தப்புகிறது, அல்லது யாரோ ஜெட்டைக் குடைந்திருக்கிறார்கள். சிம்மில் வைத்ததும் தீ அணைந்து போகிறது என்றால் இன்னும் மோசம். அணைந்த பின்னும் வாயு வந்துகொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர் அன்றைக்கே அடுப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க மூக்கு மட்டும் போதாது. சோப்பு நுரையை டியூபின் இரு முனையிலும், வால்வுகளின் கழுத்திலும், குழாயின் இணைப்புகளிலும் தடவிப் பாருங்கள். குமிழ் விட்டால் கசிவு. தீக்குச்சியைப் பற்ற வைத்துப் பார்க்கிற துணிச்சல் யாருக்கும் வேண்டாம். வாடை பலமாக வந்தால் சிலிண்டரை மூடி, எந்தச் சுவிட்சையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 எண்ணுக்குப் பேசுங்கள்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற அடுப்பு, எரியும் வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அழுக்கேறி அது 60க்கு இறங்கினால், 45 நாள் வரும் சிலிண்டர் 40 நாளில் தீரும். வருஷத்துக்கு ஒரு சிலிண்டர் கூடுதல் செலவு. இதைச் சொல்லித்தான் கடைகளில் புது அடுப்பு விற்கிறார்கள். ஆனால் இழந்ததில் பெரும்பங்கு பர்னரைச் சுத்தம் செய்தாலே திரும்பிவிடும். ஒரே பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பழுதுச் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அடுப்புக்கு அந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. குழாய் அரித்த அடுப்பை ஐம்பது ரூபாயில் அடைத்துத் தருகிறேன் என்றாலும் அது வேண்டாம். குழாயும் உடம்பும் உறுதியாக இருந்தால், வால்வு, பர்னர் எல்லாம் மாற்றி ஆயிரத்துச் சொச்சம் ஆனாலும் கனத்த பழைய அடுப்பு அந்தக் காசுக்குத் தகும்.

கண்ணாடி அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பதப்படுத்திய கண்ணாடி. ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்தாலும் பிறகு ஒருநாள் முழுசாகப் பொலபொலவென்று உதிர்ந்துவிடக் கூடும். விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பழுது பார்ப்பது என்பதே கிடையாது. கண்ணாடி கிடைத்தால் கண்ணாடி, கிடைக்காவிட்டால் அடுப்பு.

ஊருக்கு ஊர் ஆயுளும் மாறும். அம்பாசமுத்திரத்தில் பல வருஷம் கெடாத தகர உடம்பு, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலிலும் காயல்பட்டினத்திலும் உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்துவிடும். கடலோர வீடுகளில் அடுப்பின் அடிப்பக்கத்தை அவ்வப்போது கவிழ்த்துப் பார்ப்பது அவசியம்.

பித்தளை இரண்டு

அந்தத் தைப்பொங்கலுக்குள் சித்தியின் அடுப்பு வீடு திரும்பியது. புது வால்வு, புது டியூப், புது ரெகுலேட்டர், புளியில் ஊறிப் பளபளத்த பர்னர். முற்றத்தில் அடுப்புக்கட்டியில் பொங்கல் பொங்க, உள்ளே அந்த அடுப்பில் சிறுகிழங்கும் அவியலும் வெந்தன. அதற்குப் பிறகும் இரண்டு மழைக்காலம் ஓடியது.

பிறகு ஒருநாள் சித்தி போன் செய்தாள். "ஏல, சோப்பு தடவுனேன். குழாய்ல பொட்டுப்போல குமிழு வருது" என்றாள். அவளுக்கு அறுபத்தேழு வயது. மாதம் ஒருமுறை நுரை தடவிப் பார்ப்பதை வெள்ளத்துக்குப் பிறகு அவள் ஒருநாளும் விட்டதில்லை. அண்ணாச்சியிடமே கொண்டுபோனோம். குழாயின் அடிப்பக்கம், வண்டல் தங்கியிருந்த இடத்தில், துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வந்திருந்தது. அதே அளவுக் குழாய்க்கு அவர் நாலு இடத்தில் போன் போட்டார். கிடைக்கவில்லை.

"பத்த வச்சு அடைக்கலாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"நான் செய்ய மாட்டேன் தம்பி. நாளைக்கு அக்கா வீட்டுல அந்த இடம் விட்டுச்சுன்னா நான் தூங்க முடியாது."

சித்தி எதுவும் பேசவில்லை. பக்கத்துக் கடையில் புது அடுப்பு ஒன்றை எடுத்தோம். அதையும் அவள் முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தாள். திரும்பி வருகையில் அண்ணாச்சி பழைய அடுப்பிலிருந்து பர்னர் இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதை அவள் கையில் கொடுக்க வந்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா, மேலப்பாளையத்துல ஒரு வீட்டுல இதே மாடல் ஓடுது. பர்னர் தேஞ்சுபோச்சு, எங்கயும் கிடைக்கல. நீங்க குடுத்தா எடைக்கு மேல போட்டுத் தாரேன்."

சித்தி துணியைப் பிரித்து இரண்டையும் ஒருமுறை கையில் தூக்கிக் கனம் பார்த்தாள்.

"எடையெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. அவங்க வீட்டுக் குழாயையும் ஒருக்கா கவுத்துப் பாத்துட்டு மாட்டுங்க."